வீட்டு ரூட்டர் காட்டும் பெயர்ப் பட்டியல்

குடும்ப அட்டை இல்லாத இல்லம் நம்மிடையே அரிது. குடும்பத் தலைவரின் பெயர் முதல் கைக்குழந்தையின் பெயர் வரை அதில் வரிசையாக இடம்பெற்றிருக்கும். குழந்தை பிறந்தால் பெயரைச் சேர்க்கிறோம். மகள் மணமாகிச் சென்றால் பெயரை நீக்குகிறோம். நாம் அறியாத பெயர் ஒன்று அதில் காணப்பட்டால் ஒரு நாளும் பொறுத்திருக்க மாட்டோம்; விண்ணப்பத்துடன் வட்ட வழங்கல் அலுவலகத்திற்கு விரைவோம்.

இன்று பல இல்லங்களில் இதனையொத்த மற்றொரு பதிவேடும் இருக்கிறது. இணைய இணைப்பு வழங்கும் நிறுவனத்தார் கூடத்துச் சுவரில் பொருத்திவிட்டுச் சென்ற, சிறு விளக்குகள் மினுக்கும் ரூட்டர் என்னும் பெட்டிக்குள்ளே அது தானாகவே எழுதப்பட்டு வருகிறது. வீட்டிலுள்ள கைபேசி, தொலைக்காட்சி, கணினி, கண்காணிப்புக் கேமரா ஆகிய எதுவாயினும், அப்பெட்டியின் வழியாக இணையத்தைப் பெறும் ஒவ்வொன்றின் பெயரையும் எண்ணையும் அது குறித்து வைக்கிறது.

இப்படியொரு பட்டியல் உண்டு என்பதையே அறியாதவர் பலர். அறிந்தவருள்ளும் அதனை அரைகுறையாகப் படித்து அஞ்சுவோர் உண்டு. அறியாமையால் வீட்டுக் கதவு திறந்தே கிடக்கிறது. அரைகுறை அறிவால் குற்றமற்றவர் மீது பழி விழுகிறது. இவ்விரண்டையும் தவிர்க்க வேண்டுமாயின் பட்டியலைச் சரியாகப் படிக்கக் கற்க வேண்டும். கணினிப் படிப்பு இதற்குத் தேவையில்லை. பொறுமையும் ஒரு குறிப்பேடும் போதும்.

பெட்டியின் வாயில்கள்

ரூட்டரைத் தமிழில் திசைவி என்பர். வீட்டிலிருந்து புறப்படும் செய்தியையும் வெளியிலிருந்து வரும் செய்தியையும் உரிய திசையில் திருப்பி விடுவதால் இப்பெயர் பெற்றது. செய்தி புகுந்து புறப்படும் ஒவ்வோர் இடத்தையும் கணினித் துறையினர் இடைமுகம் என்று குறிப்பிடுவர். நாம் எளிமையாக வாயில் என்றே கொள்வோம்.

முதலாவது, வெளிவாயில். தெருவிலிருந்து வரும் மெல்லிய கண்ணாடி இழைக் கம்பி வந்து சேரும் இடம் இது. சில இல்லங்களில் கண்ணாடி இழை வேறொரு சிறு பெட்டியில் முடிந்து, அங்கிருந்து சாதாரணக் கம்பி வழியாக ரூட்டருக்கு இணைப்பு வரும். பட்டியலில் இது டபிள்யூ.ஏ.என். என்ற மூன்று எழுத்துகளால் குறிக்கப்பெறும். வீட்டுக்கும் வெளியுலகுக்கும் இடையிலுள்ள தலைவாசல் இதுவே.

இரண்டாவது, கம்பி வாயில்கள். பெட்டியின் பின்புறத்தில் சதுர வடிவிலான துளைகள், பெரும்பாலும் நான்கு, இருக்கக் காணலாம். எல்.ஏ.என். 1, எல்.ஏ.என். 2 என்று அவற்றுக்கு எண் இட்டிருப்பர். இக்கம்பி இணைப்பு முறை ஈதர்நெட் எனப்படும். 1973-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் என்பவர் வகுத்தளித்த கருத்தே இதற்கு அடிப்படை. மேசைக் கணினியையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் இவ்வாயிலில் இணைப்பது நன்று, தடங்கல் குறைவு.

மூன்றாவது, கண்ணுக்குப் புலப்படாத வானலை வாயில்கள். வைஃபை என்று நாம் வழங்குவது இவற்றையே. இவை பொதுவாக இரண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் வாயில் சுவர்களை ஊடுருவிச் சற்றுத் தொலைவு வரை எட்டும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வாயில் விரைவானது. ஆனால் இரண்டு சுவர்களைக் கடப்பதற்குள் தளர்ந்துவிடும். சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதால், அடுப்பு ஓடும் வேளையில் அருகிலிருக்கும் கைபேசியின் 2.4 இணைப்பு தடுமாறுவதைச் சிலர் கவனித்திருக்கலாம். விலை குறைந்த விளக்குகள், மின்செருகிகள், கேமராக்கள் ஆகியவற்றுள் பெரும்பாலானவை 2.4 வாயிலை மட்டுமே அறியும்.

சில ரூட்டர்களில் விருந்தினர் வாயில் என்று நான்காவதாக ஒன்றையும் திறந்து வைக்கலாம். வந்தவருக்குத் திண்ணையில் இடம் தருவது போன்றது இது. அதன் வழியே வருபவர் இணையத்தைப் பயன்படுத்தலாம். வீட்டினுள் இருக்கும் கணினிகளை அணுக இயலாது.

டோக்கனும் சேஸிஸ் எண்ணும்

பட்டியலைத் திறந்தால் ஒவ்வொரு வரியிலும் இரு வகை எண்கள் காணப்படும். இவற்றின் வேறுபாட்டை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ரயில் நிலையத்து வண்டி நிறுத்தத்தில் நம் இருசக்கர வாகனத்தை விடுகிறோம். பணியாளர் ஒரு டோக்கன் தருகிறார். இன்று 14-ஆம் எண் டோக்கன். நாளை அதே வண்டிக்கு 9-ஆம் எண் கிடைக்கலாம். டோக்கன் நிறுத்தத்திற்கு உரியது, வண்டிக்கு உரியதன்று. வண்டிக்கு உரியது, தொழிற்சாலையில் உலோகச் சட்டத்தில் பொறித்து அனுப்பிய சேஸிஸ் எண்.

ரூட்டர் தன்னிடம் வரும் சாதனத்திற்குத் தரும் டோக்கனே ஐ.பி. முகவரி. 192.168.1.14 என்பது போல நான்கு எண்களாக அது அமையும். டோக்கன் வழங்கும் பணியாளரின் பெயர் டி.எச்.சி.பி. என்பதாகும். குறிப்பிட்ட காலத்திற்கு, பல ரூட்டர்களில் 24 மணி நேரத்திற்கு, என்று வரையறுத்தே அது டோக்கனைத் தருகிறது. சாதனம் மீண்டும் கேட்டால் பெரும்பாலும் அதே எண் கிடைக்கும்; கிடைத்தே தீரும் என்பதில்லை.

192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டினுள்ளும் அலுவலகத்தினுள்ளும் மட்டுமே வழங்குவதற்காக ஒதுக்கப்பட்டவை. நான்கு எண்களாலான முகவரிகள் உலகம் முழுமைக்கும் சேர்த்து ஏறத்தாழ 429 கோடிதான். அவை போதா என்பதைக் கண்ட வல்லுநர்கள், 1996-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியிட்ட நெறி ஆவணத்தில் இவ்வகை உள்முகவரிகளை வரையறுத்தனர். மாடியறை என்ற பெயர் ஆயிரம் வீடுகளில் இருந்தாலும் குழப்பம் நேராதது போல, 192.168.1.14 என்ற முகவரி இலட்சக்கணக்கான வீடுகளில் இருப்பதாலும் குழப்பமில்லை. இதனோடு எழுத்தும் எண்ணும் கலந்த மிக நீண்ட முகவரி ஒன்றும் பட்டியலில் தென்படக்கூடும். அது ஐ.பி. ஆறாம் பதிப்பு என்னும் புதிய முறையைச் சேர்ந்தது. கண்டு மருள வேண்டியதில்லை.

இனி, சேஸிஸ் எண். இதன் பெயர் மேக் முகவரி. இரண்டிரண்டாகப் பிரித்து எழுதப்பெறும் 12 குறிகளால் ஆனது. 0 முதல் 9 வரையிலான எண்களும், ஏ முதல் எஃப் வரையிலான ஆறு ஆங்கில எழுத்துகளும் அதில் வரும். முதல் ஆறு குறிகள் தயாரித்த நிறுவனத்தைக் காட்டும். அவற்றை ஐ.ட்ரிபிள்.ஈ. என்னும் பன்னாட்டுப் பொறியாளர் அமைப்பு நிறுவனங்களுக்கு ஒதுக்கித் தருகிறது. எஞ்சிய ஆறு குறிகளை நிறுவனமே வரிசையாக இடும்.

இங்கு ஒன்றை ஆழ்ந்து கவனித்தல் வேண்டும். மேக் முகவரி சாதனத்திற்கு உரியது என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அது சாதனத்திலுள்ள வாயிலுக்கு உரியது. ஒரு மடிக்கணினியில் கம்பி வாயில் ஒன்று, வைஃபை வாயில் ஒன்று என இரண்டு இருந்தால், அதற்கு இரண்டு மேக் முகவரிகள். இரண்டையும் பயன்படுத்தினால் பட்டியலில் இரண்டு வரிகள். ரூட்டர் எண்ணிக் காட்டுவது வீட்டிலுள்ள பொருள்களை அன்று, மனிதர்களையும் அன்று, வாயில்களையே. இதனை மறந்துவிட்டு எண்ணிக்கையைப் பார்ப்பவர் ஏமாறுவர்.

பட்டியலைத் திறக்கும் முறை

ரூட்டரின் அடியிலோ பின்புறத்திலோ ஒட்டியுள்ள தாளில் அதன் முகவரி அச்சிடப்பட்டிருக்கும். 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பது பொதுவாகக் காணப்படுவது. வீட்டு வைஃபையில் இணைந்துள்ள கைபேசியிலோ கணினியிலோ, இணையப் பக்கத்தின் பெயரை எழுதும் இடத்தில் இவ்வெண்ணை எழுதினால் ரூட்டரின் பக்கம் திறக்கும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். அவையும் பெரும்பாலும் அதே தாளில் இருக்கும். வைஃபையில் இணைவதற்கான கடவுச்சொல் வேறு. ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறக்கும் கடவுச்சொல் வேறு. முன்னது வீட்டிற்குள் நுழையும் சாவி. பின்னது பீரோச் சாவி. சில நிறுவனங்கள் கைபேசிச் செயலி வழியாகவே இப்பட்டியலைக் காட்டுகின்றன.

உள்ளே சென்றபின், இணைந்துள்ள சாதனங்கள் என்று பொருள்படும் தலைப்பைத் தேடுக. பெயர், ஐ.பி. முகவரி, மேக் முகவரி, எந்த வாயில் என்ற நான்கு செய்திகளும் அங்கே கிடைக்கும். சில ரூட்டர்கள் இப்போது இணைந்திருப்பவற்றை மட்டும் காட்டும். வேறு சில, சென்ற வாரம் வந்துபோன மைத்துனரின் கைபேசியையும் சேர்த்துக் காட்டும். எது எவ்வகை என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும்.

அறியாத பெயர்கள் வரும் காரணங்கள்

முதல் முறை பட்டியலைக் காண்பவருக்குத் திகைப்பு ஏற்படுவது இயல்பு. நான்கு பேர் வாழும் வீட்டில் பதினான்கு வரிகள் இருக்கும். அவற்றுள் ஐந்தாறு பெயர்கள் எந்த நாட்டுப் பெயரென்றே விளங்காது. அஞ்சுவதற்கு முன் பின்வரும் காரணங்களை ஆராய்க.

உள்ளிருக்கும் சில்லின் பெயரே பட்டியலில் ஏறியிருக்கலாம். நாம் கடையில் வாங்கிய விளக்கின் உறையில் ஓர் இந்திய நிறுவனத்தின் பெயர் இருக்கும். ஆனால் அதனுள் வானலையைக் கையாளும் சில்லைச் செய்தது வேறு நிறுவனம். ஷாங்காய் நகரத்து எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் சில்லுகள் பல நூறு வகை விளக்குகளிலும் மின்செருகிகளிலும் உள்ளன. ஆகவே அப்பெயர் பட்டியலில் தோன்றினால், அயலார் எவரோ புகுந்துவிட்டார் என்று எண்ணுவதற்கு முன் கூடத்து விளக்கை ஒரு முறை அணைத்துப் பார்ப்பது நல்லது.

கைபேசி தன் எண்ணை மறைத்துக்கொண்டிருக்கலாம். கடைத்தெருவிலும் விமான நிலையத்திலும் மேக் முகவரியைக் கொண்டு மக்களின் நடமாட்டத்தைப் பின்தொடரும் வழக்கம் தோன்றியபின், அதனைத் தடுக்கக் கைபேசிகள் உண்மை எண்ணுக்கு மாறாகப் புனைவெண் ஒன்றைக் காட்டத் தொடங்கின. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் 2019-இல் வந்த பத்தாம் பதிப்பு முதலும், ஐஃபோன்களில் 2020-இல் வந்த பதினான்காம் பதிப்பு முதலும் இது இயல்பான ஏற்பாடாகிவிட்டது. ஒரே வீட்டில் 2.4 வாயிலுக்கும் 5 வாயிலுக்கும் வெவ்வேறு பெயர் சூட்டியிருந்தால், ஒரே கைபேசி இரு வேறு புனைவெண்களுடன் இரண்டு வரிகளாகத் தோன்றும். புனைவெண்ணைக் கண்டறிய எளிய வழி உண்டு. மேக் முகவரியின் இரண்டாவது குறி 2, 6, ஏ, ஈ ஆகிய நான்கில் ஒன்றாயின், அது தொழிற்சாலையில் இட்ட எண் அன்று. பெரும்பாலும் கைபேசி புனைந்துகொண்டதே.

இதற்கு மறுதலையும் உண்டு. மாடியில் மற்றொரு ரூட்டரைப் பொருத்தியிருந்தால், அதன் பின்னுள்ள பத்துச் சாதனங்களும் கீழேயுள்ள பட்டியலில் ஒரே வரியாக அடங்கிவிடக்கூடும்.

மாடிப்படியில் நின்ற பேச்சு

நகர்ப்புறத்தில் நடந்த ஒன்றை நண்பர் ஒருவர் கூறினார். கீழ் வீட்டில் ஓய்வுபெற்ற அலுவலர் குடும்பம். மாடியில் கணவரை இழந்த தாயும் கல்லூரியில் பயிலும் மகனும். அம்மகன் கீழ் வீட்டுப் பாட்டிக்கு மருந்து வாங்கி வருவான். எரிவாயு உருளையைத் தூக்கி வைப்பான். ஒரு நாள் அலுவலர் தம் ரூட்டரின் பட்டியலைத் திறந்தார். முந்தைய வாரம் இல்லாத ஒரு வரி அன்று இருந்தது, பெயரும் இல்லை. இணையம் அண்மையில் மெதுவாக இருப்பதும் நினைவிற்கு வந்தது. இரண்டையும் சேர்த்து ஒரு முடிவுக்கு வந்தார்.

மாடிப்படியில் எதிர்ப்பட்ட அத்தாயிடம், “அம்மா, உங்கள் பிள்ளை எங்கள் இணைப்பைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துகிறான். கண்டித்து வையுங்கள்” என்றார். “அவன் அப்படிப்பட்டவன் அல்லன் ஐயா” என்பதற்கு மேல் அந்த அம்மையார் ஒன்றும் பேசவில்லை.

விடுமுறைக்கு வந்த மகள் பட்டியலை வாங்கிப் பார்த்தாள். அந்த வரியில் மேக் முகவரியின் இரண்டாம் குறி ஈ. வீட்டுக் கைபேசிகளை ஒவ்வொன்றாக அணைத்துச் சோதித்தாள். “அப்பா, இது அம்மாவின் கைபேசி. பத்து நாளைக்கு முன்பு பழுது பார்க்கக் கொடுத்தீர்கள் அன்றோ? கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்துப் புதிது போலாக்கித் தந்திருக்கிறார். அதனால் அது புதிய எண்ணைப் புனைந்துகொண்டது” என்றாள்.

அலுவலர் அன்றே மாடிக்குச் சென்று மன்னிப்புக் கேட்டார். அம்மையாரும் பெருந்தன்மையுடன் காப்பி கொடுத்து அனுப்பினார். எனினும் அந்தப் பிள்ளை மீண்டும் கீழ் வீட்டுப் படியேறப் பல மாதங்கள் ஆயின. ஒரு சோதனைக்குப் பத்து நிமிடம் செலவிட்டிருந்தால் இந்த மனவருத்தம் நேர்ந்திராது.

கவலைக்கு உரியவை

இவ்வாறு கூறுவதால் அயலார் நுழைவே நடவாது என்று எவரும் முடிவு செய்துவிடலாகாது. வீட்டில் எத்தனை சாதனங்கள் இருந்தாலும், நான்கெண் முகவரி முறையில் வெளியுலகிற்குத் தெரிவது ஒரே வெளிவாயில் முகவரிதான். உள்ளிருந்து யார் எதை அனுப்பினாலும் அது அவ்வீட்டின் செயலாகவே தோன்றும். சில நிறுவனங்கள் ஒரே வெளிமுகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிப்பதும் உண்டு. அப்போதும் எந்த நேரத்தில் எந்த வீட்டார் பயன்படுத்தினர் என்பதை நிறுவனத்தின் குறிப்புகளைக் கொண்டே ஆராய்வர்.

2008-ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நிகழ்ந்தது. 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குச் சற்று முன்னர்ச் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அது எங்கிருந்து புறப்பட்டது என்று காவல்துறையினர் தேடியபோது, நவி மும்பையில் ஒரு குடியிருப்பிலுள்ள இணைய இணைப்பைக் காட்டியது. அங்கு வாழ்ந்தவருக்கும் அக்கொடுஞ்செயலுக்கும் தொடர்பில்லை. பூட்டப்படாதிருந்த அவருடைய வைஃபையை வேறு சிலர் பயன்படுத்தியிருந்தனர். அந்த உண்மை தெளிவாகும் வரை அவர் விசாரணைக்கு உள்ளாக நேர்ந்தது.

மற்றொரு வகை ஆபத்து, நாமே வாங்கி வைத்த சாதனத்தின் வழியாக வருவது. 2016-இல் மிராய் என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. இணையக் கேமராக்கள், கேமராப் பதிவுப் பெட்டிகள், வீட்டு ரூட்டர்கள் ஆகியவற்றைத் தேடிச் சென்று, தொழிற்சாலையிலேயே வைத்தனுப்பும் பயனர்பெயர், கடவுச்சொல் இணைகள் அறுபதுக்கும் மேற்பட்டவற்றை ஒவ்வொன்றாக அது முயன்றது. வாங்கியவர்கள் அவற்றை மாற்றாததால் கதவு திறந்தது. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள், இவ்வாறு கைப்பற்றிய சாதனங்கள் ஒருங்கே தாக்கியதில் டின் என்னும் நிறுவனத்தின் சேவை முடங்கி, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களைப் பலர் பல மணி நேரம் அணுக இயலாமற் போயிற்று. அந்தக் கேமராக்களின் உரிமையாளர்களுக்குத் தம் வீட்டுப் பொருள் இவ்வேலையில் ஈடுபட்டிருந்தது தெரியாது. 2018-இல் வி.பி.என்.ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 இலட்சம் ரூட்டர்களிலும் சேமிப்புப் பெட்டிகளிலும் புகுந்திருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில், ரூட்டர்களை அணைத்து மீண்டும் இயக்குமாறு அமெரிக்கப் புலனாய்வுத் துறை மக்களைக் கேட்டுக்கொண்டது.

கடவுச்சொல்லை மாற்றாத அலட்சியத்தின் விலை பெரிதென்று அரசுகளும் உணர்ந்தன. எல்லாச் சாதனங்களுக்கும் எளிதில் ஊகிக்கத்தக்க ஒரே கடவுச்சொல்லை வைத்து விற்பதைப் பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டத்தால் தடுத்துள்ளது.

குடும்பத்தார் செய்யத்தக்கவை

ஒரு ஞாயிறு மாலையில் குடும்பத்தார் அனைவரும் கூடியிருக்கும் வேளையில் கீழ்க்கண்டவற்றைச் செய்யலாம். இளையவர்களை இதில் ஈடுபடுத்துக. பெரியவர்களை விட அவர்கள் கை விரைவாகச் செல்லும்.

1. ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை முதலில் மாற்றுக. தொழிற்சாலை வைத்ததை ஒருபோதும் விட்டுவைக்கலாகாது. புதியதைக் குறிப்பேட்டில் எழுதிப் பத்திரங்களோடு வைத்துக்கொள்க.

2. வைஃபையின் கடவுச்சொல்லையும் மாற்றுக. பிள்ளைகளின் பெயரும் கைபேசி எண்ணும் வேண்டா. தொடர்பற்ற நான்கு சொற்களைச் சேர்த்து அமைத்தால் நீளமும் கிட்டும், நினைவிலும் நிற்கும். பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 என்று இருக்கட்டும். டபிள்யூ.ஈ.பி. என்ற பழைய முறை 2001-லேயே உடைக்கப்பட்டுவிட்டது.

3. கடவுச்சொல் மாறிய கணத்தில் வைஃபையில் இருந்த எல்லாச் சாதனங்களும் வெளியேறிவிடும். வீட்டின் கணக்கெடுப்பிற்கு இதனினும் ஏற்ற வேளை இல்லை. ஒவ்வொரு சாதனமாக மீண்டும் இணைத்து, ஒவ்வொரு முறையும் பட்டியலில் புதிதாக வந்த வரியைக் குறிப்பேட்டில் எழுதுக. அம்மாவின் கைபேசி, தம்பியின் மடிக்கணினி, வாசற் கேமரா என்று நமக்கு விளங்கும் பெயரை எதிரே எழுதுக. பல ரூட்டர்களில் அப்பெயரைப் பட்டியலிலேயே இடவும் முடியும்.

4. டபிள்யூ.பி.எஸ். என்ற வசதியை நிறுத்தி வைக்கவும். எட்டு இலக்க எண்ணால் இணையும் இம்முறையில் எண்ணை இரு பாதிகளாகச் சரிபார்ப்பதால், அதிகம் போனால் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011 டிசம்பரில் வெளிப்பட்டது.

5. கேமரா, விளக்கு முதலியவற்றையும் விருந்தினரின் கைபேசிகளையும் விருந்தினர் வாயிலில் இணைக்கவும். ஒரு விளக்கின் குறைபாடு வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினி வரை எட்டாதிருக்க இது உதவும்.

6. வெளியிலிருந்து ரூட்டரை நிர்வகிக்கும் வசதி தேவையில்லையாயின் அதனை மூடுக. ரூட்டரின் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு உண்டா என்பதைக் கேட்டறிந்து ஏற்றுக. திருத்தப் பதிப்பு வருவது நின்றுபோன பழைய பெட்டியை, ஓடுகிறதே என்று வைத்திருப்பது சிக்கனம் ஆகாது.

இவ்வளவிற்குப் பின்னும் விளங்காத வரி ஒன்று எஞ்சினால், அதன் மேக் முகவரியைத் தடைப்பட்டியலில் சேர்ப்பதோடு நிறுத்தலாகாது. புனைவெண்ணை மாற்றிக்கொண்டு அது மீண்டும் வரக்கூடும். வைஃபை கடவுச்சொல்லை மறுபடியும் மாற்றுவதே உறுதியான வழி. அதன்பின்னும் அது வருமாயின், வீட்டிலேயே நாம் மறந்த ஏதோ ஒரு பொருளாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. மின்னளவி அருகிலும் பரண்மீதும் தேடுக. எதுவும் அகப்படாவிடில், கடவுச்சொல் யாரிடம் பகிரப்பட்டது என்று வீட்டிலுள்ளோரைக் கேட்டறிந்த பின், இணைப்பு தந்த நிறுவனத்தாரை அழைத்துப் பெட்டியை அவர்கள் கையால் சோதிக்கச் செய்க.

பட்டியல் சொல்லாதவை

பெற்றோருக்கு ஒரு சொல். மகனின் கைபேசி இரவு ஒரு மணிக்கு இணைப்பில் இருந்தது என்பதைப் பட்டியல் காட்டும். அப்போது அவன் விழித்திருந்தானா என்பதை அது காட்டாது. உறங்குபவரின் தலைமாட்டில் கிடக்கும் கைபேசியும் புதிய பதிப்புகளை இறக்கிக்கொள்ளவும் புகைப்படங்களைச் சேமிக்கவும் இணையத்துடன் பேசிக்கொண்டேயிருக்கும். மடிக்கணினியின் வழியே எவ்வளவு தரவு சென்றது என்று சில ரூட்டர்கள் கணக்கிட்டுக் காட்டும்; சில, தளங்களின் பெயரையும் காட்டும். ஆயினும் அங்கு என்ன படித்தாள், யாருக்கு என்ன எழுதினாள் என்பது பெரும்பாலும் மறைகுறியாக்கத்தால் மூடப்பட்டிருக்கும்.

பிள்ளைகளின் இரவுப் பழக்கம் குறித்துக் கவலை இருப்பின், இன்ன நேரத்திற்குப் பின் இணைப்பு நிறுத்தப்படும் என்பதை எல்லோரும் அறியச் சொல்லி நிறுத்தலாம். பல ரூட்டர்களில் அதற்கான ஏற்பாடு உண்டு. பெற்றோரின் கைபேசியும் அந்த விதிக்கு உட்படுமாயின் பிள்ளைகள் முணுமுணுப்பின்றி ஏற்பர். மறைவாக இருந்து பட்டியலைப் பார்த்துக் குற்றம் சாட்டுவதால் வருவது ஒழுக்கமன்று, மறைக்கும் திறமையே. மாடிப்படியில் அந்தத் தாயிடம் சொன்ன சொல்லைப் போலவே, வீட்டுக்குள் சொல்லும் சொல்லும் சோதித்தறிந்த பின்னரே சொல்லத்தக்கது.

ஆண்டிற்கு ஒரு முறை வீட்டைப் பழுது பார்க்கிறோம், மின்கம்பிகளைச் சோதிக்கிறோம், பூட்டுகளுக்கு எண்ணெய் இடுகிறோம். அந்த வரிசையில் ரூட்டரின் பட்டியலையும் மூன்று திங்களுக்கு ஒரு முறை எடுத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்வோம். குறிப்பேட்டில் உள்ள எண்ணிக்கையும் பட்டியலில் உள்ள எண்ணிக்கையும் ஒத்துப்போனால் பணி ஐந்து நிமிடத்தில் முடியும். ஒத்துப்போகாவிடின், முதலில் நம் வீட்டுச் சாதனங்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்போம்.